பெட்டியில் ஏறாத வீடு

வெள்ளை வெளேரென்று புத்தம் புதிய வெஸ்டர்ன் டாய்லெட் கோப்பை ஒன்று வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. நாதஸ்வரச் சத்தம் தெருமுனையில் திரும்பிவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் பெருமாளும் திரும்பிவிடுவார்.

"உள்ள தூக்குங்க மேஸ்திரி," என்றான் ஹவில்தார் இளவரசன்.

கைலாசம் மேஸ்திரி அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே சாவகாசமாக வெளியே வந்தார்.

"தூக்கிக்கினு போயி எங்க சார் வைக்கிறது? பின்னாடி இருக்கிற கக்கூசு ஓராளு நிக்கிற எடம். இத உள்ள வச்சா கதவு மூடாது. கதவ மூடணும்னா ஆளு வெளியதான் உக்காரணும்."

"சரி, இப்போதைக்குக் கூடத்துல வைங்க. அப்பால பாத்துக்கலாம்."

"கூடத்துல எடம் ஏது? நடுவுல தறிக்குழி. ஓரத்துல சாமி மாடம்."

சாமி மாடம் என்ற சொல் காதில் விழுந்ததும் உள்ளேயிருந்து இளவரசனின் மனைவி பொன்னியின் குரல் வந்தது.

"சாமி வர்ற நேரத்துல அந்தக் கருமத்த மாடத்துக்கு முன்னால எடுத்துக்கினு வராதீங்க. சொல்லிட்டேன்."

சின்ன காஞ்சிபுரத்து வரிசை வீடு அது. கொல்லைக்குப் போக வேண்டுமானால் கூடத்தைத் தவிர வேறு வழி கிடையாது. கோப்பையை இறக்கிப் போட்ட வண்டிக்காரன், தெருவை அடைப்பதற்குள் தப்பிக்க வேண்டும் என்று காசை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான். எதிர்வீட்டு அம்மாள் கோலத்தை முடித்துவிட்டு நிமிர்ந்து கோப்பையைப் பார்த்தாள். அப்புறம் இளவரசனைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பதினாறு வருஷம் ராணுவத்தில் குப்பை கொட்டியவன் அல்லவா? உள்ளே ஓடி, பட்டாளத்துக் கம்பளி ஒன்றை எடுத்து வந்து, கோப்பையின் மேல் போர்த்தி நாலு பக்கமும் இழுத்துவிட்டான். எதையும் மறைத்து வைப்பதுதான் அவன் ராணுவத்தில் கற்ற ஒரே போர்க்கலை. அதிகாரி சோதனைக்கு வரும்போதெல்லாம் ஸ்டோரில் அவன் செய்கிற காரியம்தான் இது.

அப்போதுதான் அடுத்த வீட்டுக் கோதண்டபாணி வந்தார். பட்டுச் சேலைக் கடையில் நாற்பது வருஷம் கால் கடுக்க நின்று விற்பனை செய்து ஓய்வு பெற்றவர். எங்கே உட்கார இடம் கண்டாலும் விடமாட்டார். கம்பளி போர்த்திய உருவத்தைப் பார்த்தார். மெதுவாக அதன் மேல் உட்கார்ந்தார். முகம் மலர்ந்தது.

"இன்னா சொகம். முதுவுக்குக்கூட வாட்டமா இருக்குது. டில்லியில வாங்கினதா மிலிட்டரி?"

"கேன்டீன்ல," என்றான் இளவரசன், கம்பளியின் ஓரத்தை இழுத்துவிட்டபடி.

பெருமாள் வந்தார். கோதண்டபாணி எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெருமாள் போனார். கோதண்டபாணி மறுபடி உட்கார்ந்தார். தெருவே கலைந்த பிறகும் அவர் கலையவில்லை.

"எனக்கும் ஒண்ணு சொல்லி வைப்பா," என்று எழுந்து போகும்போது கேட்டுக்கொண்டார்.

இந்தக் கோப்பை எப்படி வாசலுக்கு வந்தது என்றால், அதற்குக் காரணம் செகந்திராபாத்.

ஹவில்தார் என்றதும் பனிமலை, துப்பாக்கி என்று நினைத்துவிட வேண்டாம். தெருவில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், இளவரசனும் அதைத் திருத்த அவசரப்படவில்லை. அவன் பண்டகசாலைக் கணக்கன். பயிற்சிக் காலத்தில் அட்டை மனிதர்களைச் சுட்டதோடு சரி. அதற்குப் பிறகு அவன் நேருக்கு நேர் சந்தித்த எதிரிகள் எலிகள் மட்டுமே. அதிலும் பெரும்பாலும் எலிகளே வென்றன.

வாலாஜாபாத் பக்கத்து நிலத்தில் தன் பங்கை விற்று இந்த வீட்டை வாங்கியிருந்தான். நெசவுக்காரர் ஒருவர் பெரிய வீடு கட்டிக்கொண்டு போனபோது விற்றது. கூடத்தின் நடுவில் தறிக்குழி அப்படியே இருந்தது. நெய்பவர் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிப்பதற்கான பள்ளம் அது. பொன்னி அதன் மேல் பலகை போட்டு, பலகை மேல் பாய் போட்டு, அதைச் சுற்றி நடந்தே காலத்தை ஓட்டிவிட்டாள்.

இளவரசனிடம் ஒரு கொள்கை இருந்தது. பழைய சுபேதார் ஒருவர் அவனுக்கு உபதேசித்தது. "வீட்டுக்குச் செலவு செய்யும்போது ரெண்டே கேள்வி. பெட்டியில் ஏறுமா? வாடகையில் வருமா? ரெண்டும் இல்லையென்றால் பைசா எடுக்காதே." ராணுவக்காரன் எந்த நேரமும் மாற்றலாகிப் போகிறவன். சுவரில் போட்ட காசு சுவரோடு நின்றுவிடும்.

ஒவ்வொரு லீவிலும் பொன்னி ஏதாவது கேட்பாள். சமையல்கட்டில் ஜன்னல் இல்லை, புகை கண்ணைக் கரிக்கிறது என்பாள். தறிக்குழியை மூடினால் தையல் மெஷினைக் கூடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்பாள். ஊர் உலகத்துப் பெண்கள் கொண்டுவந்து கொடுக்கும் பட்டு ரவிக்கைகளை அவள் மூலையில் விளக்கைப் போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். இளவரசனின் பதில் ஒன்றுதான்.

"மாத்தலாகிப் போற ஜனம் நாம. செவுத்துல எதுக்குக் காசக் கொட்டற?"

ஆகவே அவன் லீவுக்கு லீவு வாங்கி வந்ததெல்லாம் பெட்டியில் ஏறக்கூடிய சாமான்கள். மடக்குக் கட்டில், மடக்கு நாற்காலி, மடக்கு மேசை, மடக்கி வைக்கும் துணி உலர்த்தி. அந்த வீட்டில் மடங்காதது பொன்னி ஒருத்திதான்.

இந்த முறை லீவில் வரும்போது ஒரு செய்தியோடு வந்தான். செகந்திராபாத்துக்கு மாற்றல் வரப்போகிறது. குடும்பக் குவார்ட்டர்ஸ் உண்டு. ஒன்பதாவது படிக்கும் மகள் சந்தியாவுக்கு வளாகத்திலேயே பள்ளிக்கூடம். ஆர்டர் இன்றோ நாளையோ வந்துவிடும். மகள் வளர்ந்ததையெல்லாம் அவன் லீவு லீவாகத்தான் பார்த்திருக்கிறான். ஒரு லீவில் பல் விழுந்திருக்கும், அடுத்த லீவில் முளைத்திருக்கும். ஒவ்வொரு முறையும் அவள் அவனைப் புது வாத்தியாரைப் பார்ப்பது போல முதல் நாள் எட்ட நின்று பார்ப்பாள். அது அவனுக்கு வலித்தது. இனிமேலாவது ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று அவன் ஏங்கினான்.

பொன்னி துள்ளிக் குதித்துவிடவில்லை. ஜான்சி என்று ஒருமுறை, ஜோத்பூர் என்று ஒருமுறை, பெட்டி கட்டி, தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் டி.சி. கேட்டு, கடைசியில் ஆர்டர் மாறி, பெட்டியைப் பிரித்தவள் அவள்.

"வரோம்," என்றாள். "ஆனா வூட்டப் பூட்டிக்கினு வரமாட்டேன். கரையான் அரிச்சிடும். நல்ல குடித்தனமா ஒண்ணு வரட்டும், சாவியக் குடுத்துட்டுக் கெளம்பறேன்."

இளவரசன் அன்றைக்கே 'வீடு வாடகைக்கு' என்று அட்டை எழுதி வாசலில் மாட்டினான். மறுநாளே வந்தாள் கிரேஸ்.

பட்டுச் சேலைக் கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. வீட்டுக்காரர் எப்போதும் வெளியூரிலேயே இருப்பாராம். அவளும் மாமியாரும் மட்டும்தான் குடித்தனம். பேச்சு மரியாதையாக இருந்தது. பொன்னி கொடுத்த டீயைக் குடித்தாள். தம்ளரை நேராகக் கொல்லைக்கு எடுத்துப்போய், தொட்டியடியில் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். இப்படியும் ஒரு குடித்தனக்காரி கிடைப்பாளா என்று இளவரசன் நெகிழ்ந்துபோனான்.

"வூடு புடிச்சிருக்குது சார்," என்றாள் கிரேஸ். "ஆனா எங்க மாமியாருக்கு முட்டி வலி. கீழ குந்த முடியாது. வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தா நல்லா இருக்கும்."

அவள் போன பிறகு பொன்னி சொன்னாள். "வந்தா இந்த மாதிரி பொண்ணு வரணும். வேற யாரையும் நம்பி வூட்ட வுடமாட்டேன். ஆனா டாய்லெட்டுக்கெல்லாம் செலவு பண்ணாதீங்க. மாத்தலாகிப் போற ஜனம் நாம."

"உனுக்கு ஒண்ணும் தெரியாது. இது வாடகையில வர்ற செலவு," என்று இளவரசன் அவளுக்குக் கொள்கையை விளக்கினான். அவள் அடக்கமாகக் கேட்டுக்கொண்டாள்.

அப்படித்தான் கோப்பை வந்தது.

பெருமாள் ஊர்வலத்துக்கு மறுநாள் கைலாசம் மேஸ்திரி கழிப்பறையை அகலப்படுத்த ஆரம்பித்தார். பக்கத்துச் சுவரை மட்டும் கொஞ்சம் தள்ளிக் கட்டினால் போதும் என்றார். சுத்தியலால் ஒரு அடி அடித்தார். கழிப்பறைச் சுவர் விழுந்தது. அதன் தோளில் சாய்ந்தபடி இத்தனை காலம் நின்றிருந்த சமையல்கட்டுச் சுவரும், தனியாக நின்று என்ன செய்வது என்று நினைத்ததோ என்னவோ, கூடவே விழுந்தது. புழுதி அடங்கியபோது பொன்னி அடுப்பின் முன்னால் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரி, இன்னா பண்ணிட்டீங்க?"

"நானா பண்ணேன்? மண்ணு வச்சிக் கட்டின செவுரு சார் இது. நேத்தே வுழுந்திருக்கணும். ஏதோ மரியாதைக்கு நின்னுக்கினு இருந்துச்சி."

சுவரைப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. கட்டுவதே கட்டுகிறோம், ஒரு ஜன்னல் வைத்துவிட்டால் செங்கல் மிச்சம் என்று மேஸ்திரி யோசனை சொன்னார். இளவரசன் ஒப்புக்கொண்டான். ஜன்னல் வந்த அன்று பொன்னி தையல் மெஷினைத் தூக்கி அதன் பக்கத்தில் போட்டு ஒரு ரவிக்கையைத் தைத்து முடித்தாள்.

"எதுக்கு இங்க போட்ட?"

"வெளிச்சம் எப்படி வருதுன்னு பாக்கறேன். நாளைக்கு அந்தப் பொண்ணு கேட்டா சொல்லணுமில்ல?"

அதுவும் நியாயம்தான் என்று இளவரசனுக்குப் பட்டது.

கிரேஸ் இரண்டாம் முறை வந்தாள். டாய்லெட்டைப் பார்த்துத் தலையாட்டினாள். ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள். சமையல் மேடை மட்டும் பழைய கடப்பைக் கல்லாக இருந்தது அவள் கண்ணை உறுத்தியது.

"இவ்ளோ பண்ணிட்டு மேடைய வுட்டுட்டீங்களே சார்? கிரானைட் போட்டா தொடைக்க சுளுவு. அப்பறம் இந்தப் பள்ளம். எங்க மாமியாருக்குக் கண்ணு வேற மங்கல். வுழுந்து வச்சாங்கன்னா?"

"எதுக்குங்க அதெல்லாம்," என்று பொன்னி குறுக்கே வந்தாள். "இந்தப் பள்ளத்துல நான் எத்தினி வருசமா வுழாம இருக்கறேன்."

"நீ சும்மா இரு," என்றான் இளவரசன். "அவங்க கேக்கறது நியாயம். கொஞ்சமாவது அடுத்தவங்க கஷ்டத்த நெனச்சிப் பாக்கணும்."

பொன்னி வாயை மூடிக்கொண்டாள். கிரானைட்டின் நிறத்தை மட்டும், பெண்களுக்குத்தான் பெண்களின் ருசி தெரியும் என்று, அவளையே தேர்ந்தெடுக்கச் சொன்னான். அவள் கடைக்கு வந்து, யோசிக்காமல், கருப்பில் வெள்ளிப்புள்ளி போட்டதைக் காட்டினாள். ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்தவள் மாதிரி இருந்தது.

இடிந்த சுவரின் மண்ணும் செங்கல்லும் கொல்லையில் மலையாகக் கிடந்தன. வண்டி வைத்து வெளியே கொட்ட வேண்டும் என்றார் மேஸ்திரி. இளவரசனின் மூளையில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. இங்கே குப்பை. அங்கே குழி. இரண்டையும் சேர்த்துவிட்டால் வண்டிக் கூலி மிச்சம். ஸ்டோர் கணக்கில் இப்படி ஒரு யோசனையைச் சொல்லியிருந்தால் பாராட்டுக் கடிதம் கொடுத்திருப்பார்கள்.

"சார், கண்டதப் போட்டு ரொப்பினா நிக்காது. மணலக் கொட்டி, தண்ணி வுட்டு, இடிச்சி, ஆறப் போட்டுத்தான் மேல டைல்ஸ் ஒட்டணும்."

"ஆறப்போட நேரமில்ல மேஸ்திரி. ஆர்டர் வந்துடும். ராணுவத்துல ஒரே ராத்திரியில பாலமே கட்டறாங்க."

"நீங்க கட்டியிருக்கீங்களா சார்?"

இளவரசன் மண்வெட்டியை எடுத்தான். அவன் கட்டவில்லை. பாலத்துக்கான திருகாணிகளை எண்ணிக் கொடுத்திருக்கிறான்.

குழி நிரம்பியது. மேலே டைல்ஸ் வந்தது. குழி இருந்த இடம் தெரியவில்லை. அன்று பிற்பகலே வெற்றிப் பெருமிதத்தோடு மடக்குக் கட்டிலை அந்த இடத்தில் விரித்துப் படுத்தான். கண் சொருகும் நேரத்தில் கோதண்டபாணி வந்தார்.

"இன்னாப்பா மிலிட்டரி, நான் கேட்ட ஸ்டூலு இன்னா ஆச்சி?" என்று கேட்டபடியே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

முதலில் 'களுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கட்டிலின் ஒரு கால் டைல்ஸோடு சேர்ந்து பூமிக்குள் இறங்கியது. பிறகு மடக்குக் கட்டில், தான் எதற்காகப் பிறந்ததோ அந்தக் காரியத்தைச் செய்தது. பொன்னி ஓடி வந்தபோது கட்டில் புத்தகம் போல மூடியிருந்தது. ஒரு பக்கம் இளவரசனின் தலையும் மறுபக்கம் கோதண்டபாணியின் கால்களும் தெரிந்தன.

"ஸ்டூலு வேணாம்பா," என்று உள்ளேயிருந்து கோதண்டபாணியின் குரல் வந்தது. "உங்க கேன்டீன் சாமானே எனக்கு வேணாம்."

மறுபடி தோண்டினார்கள். மணல் கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்தார்கள். கூடத்தில் மற்ற இடமெல்லாம் பழைய சிவப்புத் தரையாகவும் நடுவில் மட்டும் வெள்ளை டைல்ஸாகவும் இருந்தால் சட்டையில் ஒட்டுப் போட்டது போல இருக்கும் என்று மேஸ்திரி சொன்னார். சரி, கூடம் முழுக்க ஒரே மாதிரி போட்டுவிடுவோம் என்றான் இளவரசன். பழைய தரையைப் பெயர்க்க நேரமில்லை, அதன் மேலேயே ஒட்டிவிடலாம் என்பதும் அவனுடைய யோசனைதான். கெட்டது குடியென்று ஆன பிறகு எட்டணா என்ன, பத்தணா என்ன?

தெருப் புழுதி உள்ளே வராமல் இருக்க வாசற்கதவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். வாசல் பக்கம் ஆரம்பித்து, பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போய், சமையல்கட்டில் முடித்தார்கள். மறுநாள் காலை வரை கொல்லைப் பக்கமே இருந்து, தரை இறுகிய பிறகு, மேஸ்திரி வீட்டுக்குப் போகலாம் என்று வந்து வாசற்கதவை இழுத்தார். வரவில்லை. இளவரசன் இழுத்தான். கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. தரை ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டது.

"மேஸ்திரி, கதவு தெறக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நீங்கதான சார் பக்கத்துலயே நின்னு பாத்துக்கினு இருந்தீங்க?"

அது உண்மை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதிகாரி மாதிரி, ஒவ்வொரு டைல்ஸாக மேற்பார்வை பார்த்தவன் அவன்தான். தறிக்குழியிலிருந்து கதவு வரைக்கும் அந்த வீட்டில் நடந்த ஒவ்வொரு முட்டாள்தனத்தையும் அவனே முன்னின்று நடத்தியிருக்கிறான் என்பதை நினைத்தபோது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எலிகள் அவனை ஜெயித்ததில் ஆச்சரியமே இல்லை.

வாசல் ஜன்னல் வழியாக உதவி கேட்டான். கோதண்டபாணி தச்சரை அழைத்து வந்தார். தச்சர் வெளியிலிருந்து இடுக்கில் ரம்பத்தை நுழைத்துக் கதவின் அடியை அறுத்துக்கொண்டிருக்க, கோதண்டபாணி ஜன்னல் கம்பிக்குள் டீயை நீட்டினார்.

"எல்லையிலகூட உன்ன எவனும் இப்படிப் புடிச்சி வச்சிருக்கமாட்டானேப்பா," என்றார் ஆதரவாக.

கதவு திறந்தது. வீட்டைப் பார்த்தால் வீடு ஜொலித்தது. சந்தியா பள்ளிக்கூடம் விட்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நேராக ஒரு ஓட்டம் ஓடினாள். பள்ளத்தைச் சுற்றாமல் அவள் ஓடி இளவரசன் பார்த்ததே இல்லை.

கிரேஸ் மூன்றாம் முறை வந்தாள். டாய்லெட், ஜன்னல், மேடை, தரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். பொன்னி வாசலிலேயே நின்றுகொண்டாள். இளவரசன் சோதனைக்கு நிற்கிற சிப்பாய் போல விறைத்து நின்றான். மனசுக்குள் திருத்தணி முருகனை வேண்டிக்கொண்டான்.

"இனிமே கொற சொல்ல ஒண்ணும் இல்ல சார்," என்றாள் கிரேஸ். "அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு நாளைக்கு வந்து சொல்றேன்."

இளவரசன் அன்று மாலை பூரித்துப்போய் சந்தியாவுக்கு செகந்திராபாத் பள்ளிக்கூடத்தின் படத்தைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டிருந்தான். இந்த முறை அவள் எட்ட நிற்கவில்லை. தோளில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தாள். அதே கைப்பேசியில்தான் சரத்குமாரின் அழைப்பு வந்தது. சரத்குமார் யூனிட் ஆபீசில் கிளார்க். செய்யாறு பக்கத்துக்காரன்.

"அண்ணே, ஆர்டர் வந்துடுச்சிண்ணே."

"செகந்திராபாத்தான?"

மறுமுனையில் சரத்குமார் தொண்டையைச் செருமினான்.

"மாறிடுச்சிண்ணே. வடகிழக்க மலைப் பக்கம் போட்டுட்டாங்க. ஃபேமிலி கூட்டிக்கினு போற எடமில்ல."

இளவரசன் கொல்லைக்குப் போய்ப் புதுச் சுவரில் சாய்ந்து நின்றான். யாரோ ஒருத்தியின் மாமியாருக்கு முட்டி வலி என்று டாய்லெட் கட்டினான். யாரோ ஒருத்தி விழாமல் நடக்கட்டும் என்று தரை போட்டான். தன் பெண்டாட்டியும் மகளும் அந்தக் குழியைச் சுற்றி நடந்த இத்தனை வருஷத்தில் ஒரு கூடை மணல்கூட அவன் கொட்டியதில்லை. இப்போது அவர்களை எங்கேயும் கூட்டிப்போகவும் வழியில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும், எப்படிச் சொல்வது? அவனுக்கு அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தான். முடியவில்லை.

பொன்னி வந்து பார்த்தாள். அவன் சொன்னான். அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"நீங்க இல்லாம இருக்கறதுக்குப் பழகிட்டோம்," என்றாள் பிறகு. "நீங்க கூட்டிக்கினு போறேன்னு சொல்றீங்க பாருங்க, அதுக்குத்தான் இன்னும் பழகல. பரவால்ல. வந்து சாப்புடுங்க."

"என்னத் திட்டிடு பொன்னி."

"திட்டிக்கலாம். எங்க போவப் போறீங்க, இன்னும் லீவு இருக்குதில்ல?"

அவள் கோபப்படவில்லை என்பதே அவனை இன்னும் அதிகமாக வாட்டியது. சாப்பாட்டின் நடுவில்தான் இன்னொரு இடி நினைவுக்கு வந்தது.

"ஐயையோ, அந்தப் பொண்ணு கிரேஸு. நாளைக்கு வருதே. இவ்ளோ தூரம் அலைய வுட்டு, இப்ப வூடு இல்லன்னா இன்னா நெனைக்கும்?"

பொன்னிக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்தாள்.

"அத நான் சொல்லிக்கறேன். நீங்க ஒண்ணும் பேசாதீங்க."

"அது எப்படி? வாக்குக் குடுத்தவன் நான். நானேதான் சொல்லணும்."

"வேணாங்க. சொன்னாக் கேளுங்க."

இந்த ஒரு விஷயத்திலாவது ஆண்பிள்ளையாக நடந்துகொள்ள வேண்டும் என்று இளவரசன் தீர்மானித்துவிட்டான். ராத்திரியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, வாசலில் காத்திருந்தான். பொன்னி இரண்டு முறை அவனைக் கடைக்கு அனுப்பப் பார்த்தாள். பால் வேண்டும் என்றாள். பால் இருந்தது. வெற்றிலை வேண்டும் என்றாள். அந்த வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை. அவன் நகரவில்லை.

கிரேஸ் வந்தாள். உள்ளே அழைத்து, தன் கையாலேயே மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார வைத்தான். பொன்னி அவன் முதுகுக்குப் பின்னால் நின்று ஏதோ ஜாடை காட்ட ஆரம்பித்தாள். கிரேஸ் அதைப் பார்க்கும் முன்பே இளவரசன் கைகூப்பிவிட்டான்.

"மன்னிச்சிக்கம்மா. உன்ன வீணா அலைய வுட்டுட்டேன். இந்த வூடு இனிமே வாடகைக்கு இல்ல. நான் பண்ணதெல்லாம் என் பொண்டாட்டிக்கே இருக்கட்டும்."

கிரேஸ் அவனைப் பார்த்தாள். முகத்தில் வருத்தத்தைத் தேடினான் இளவரசன். அங்கே வருத்தம் இல்லை. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள் போல ஒரு பெருமூச்சு விட்டு, வாய் நிறையச் சிரித்து, அவனைத் தாண்டிப் பொன்னியைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பாடா, அண்ணன்கிட்ட எல்லாத்தியும் சொல்லிட்டீங்களாக்கா? எங்க வூட்டு மிலிட்டரிக்காரரு ஞாயித்துக்கெழம லீவுல வர்றாரு, எங்க கிச்சன்லயும் ஜன்னல் இல்ல, வாடகைக்கு வூடு கேட்டுக்கினு நீங்க எப்ப வர்றீங்க?"